தண்ணிக்குள்ள கிடந்த போட்டும் மிசினும்: புயலுக்குப் பிறகு எதை முதலில பாக்கிறது?

நாவலடிக்கரை:

அண்ணன்மார், காக்காமார் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

19 அடி 6 அங்குல பைபர் போட். 25 குதிரைவலு யமஹா, ரெண்டு ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய் மிசின். கிழக்கிலங்கையில வாவிப் பக்கம் கட்டி நிண்டது, அப்ப மிசின் ஓடயில்ல. புயலோட தாண்டு மூண்டு நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு. ஆழம் நெஞ்சளவு. உள்ளுக்குப் பாதி மண். வலப்பக்கம், அமரத்தில (பின்முனையில) இருந்து ஆறடி முன்னால, அடிவளைவில ஒரு அடி நீளத்துக்கு உடைவு. மிசினை மட்டும் இண்டைக்குக் காலையில கழட்டிக் கரைக்கு எடுத்தாச்சு. வெளியில ஒரு கீறலும் இல்ல. மிசினை ஸ்டாட் பண்ணுற கயிறை இழுத்துப் பாத்தால் தெரியும் எண்டு சொல்றாங்க.

தம்பிட போட் உடையயில்ல, ஆனா தாழம்பத்தைக்குள்ள ஏறிக் கிடக்கு, தண்ணி விளிம்பில இருந்து 40 அடி தள்ளி.

மிசினை இழுக்கலாமா? போட்டை எப்படிக் கிளப்புற? உடைவை இந்த மழைக்குள்ள கட்டலாமா? எதை முதலில, எதைப் பிறகு எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. பைபர்க் கடைக்கு ஒரு தரம்தான் போக ஏலும், அதால அளவுகளோட சொன்னால் உதவி.


வாழைச்சேனை மிசின்காரன்:

தம்பி, கயிற்றில கை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

மிசின் நிண்ட நிலையில தாண்டதால இப்ப உள்ளுக்கு ஒண்டும் உடைஞ்சிருக்காது. உடையிறது நீங்க இழுக்கிறதாலதான். சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்குது. தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வரயிக்க போக இடமில்லாமல் கனெக்டிங் றொட் வளையும். அதோட மண் இருந்தால் ஒரே இழுவையில சிலிண்டர் சுவர் கோடு விழும்.

அடுத்தது, கெடுதல் தொடங்கிறது தண்ணிக்குள்ள இல்ல, வெளியில எடுத்த மறுகா. தண்ணிக்குள்ள காத்துக் குறைவு, துரு மெதுவாத்தான் பிடிக்கும். வெளியில உப்பும் ஈரமும் காத்தும் ஒண்டாச் சேர்ந்தால் கிராங்கில இருக்கிற ஊசிபோல சின்ன பெயாரிங் எல்லாம் சில மணித்தியாலத்தில சிவந்து போகும். எடுத்த மூண்டு மணித்தியாலத்துக்குள்ள கழுவி ஓடவிட்டால் நல்லம். இண்டைக்கு ஏலாது எண்டால் 200 லீட்டர் பீப்பாயில நல்ல தண்ணி நிரப்பி மிசினைத் தலைகீழா, தலைப்பகுதி முழுசா அமுங்க வையுங்க. கேக்கச் சிரிப்பாக் கிடக்கும், ஆனா ரெண்டு நாள் அப்படிக் கிடந்தாலும் வெயிலில அரை நாள் காய்ஞ்சதை விட மேல். நாவலடிக் கிணறுகளுக்குள்ள கடல் ஏறியிருந்தால் அந்தத் தண்ணி வேண்டாம். சவுக்காரம் போட்டுப் பாருங்க, நுரை வராட்டி பவுசர் (தண்ணி லொறி) கொண்டு வாற தண்ணிதான்.

வேலை தொடங்கயிக்க மேல்மூடியைக் கழட்டி நல்ல தண்ணியால கழுவுங்க. வேகமா அடிக்கிற பம்பு வேண்டாம், அது மண்ணை இன்னும் உள்ளுக்குத் தள்ளும். ரெண்டு பிளக்கையும் கழட்டி, பிளக் ஓட்டை கீழ பாக்கக் கிடத்துங்க. பிளைவீலைக் கையால, மிசின் சுத்துற திசையிலேயே, மெதுவா ரெண்டு முழுச் சுத்து. கரகர எண்டு மண் சத்தம் கேட்டால், இல்லாட்டி ஒரே இடத்தில ஒவ்வொரு சுத்துக்கும் பிடிச்சால், அதோட நிப்பாட்டி ஹெட்டைத் திறக்க வேணும். வேற ஆரும் ஏற்கெனவே இழுத்திருப்பாங்க எண்டு சந்தேகம் இருந்தால், ஒரு சைக்கிள் கம்பியை பிளக் ஓட்டைக்குள்ள விட்டு ரெண்டு பிஸ்டனும் ஆக மேல வாற இடத்தை அளந்து பாருங்க. ஒண்டு ஒரு மில்லிமீற்றர் இறங்கி நிண்டால் அந்த றொட் வளைஞ்சிட்டு.

சுத்து சரி எண்டால் நல்ல தண்ணியைக் கார்புரேட்டர் வாயாலயும் பிளக் ஓட்டையாலயும் ஊத்திச் சுத்தி வடியவிடுங்க, உப்புக் கைப்பு போகும் மட்டும். பிறகு அதே வழியால கால் லீட்டர் மெதிலேட்டட் ஸ்பிரிட். அது மிச்சத் தண்ணியை இழுத்துக்கொண்டு போகும். பிளக் வயரை மிசின் உடம்பில தொடுத்து எர்த் பண்ணிப்போட்டுத்தான் சுத்த வேணும், ஒரு பொறி பட்டால் ஸ்பிரிட் பத்தும். ஸ்பிரிட் வடிஞ்சதும் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ரெண்டு ஸ்ட்ரோக் ஒயில் விட்டு பத்துப் பதினைஞ்சு சுத்து.

கார்புரேட்டரைக் கழட்டாமல் தப்ப ஏலாது. அடிக்கிண்ணத்தில மண்ணும் தண்ணியும் நிக்கும். ஜெட் ஓட்டையைக் கம்பியால குத்த வேண்டாம், ஓட்டை பெருக்கும். காத்தடியுங்க, இல்லாட்டி மெல்லிய தங்கூசி (வலை கட்டுற நைலோன் நூல்) போடுங்க. பெற்றோல் பம்பின்ட தோல், எண்ணெய்க் குழாய், கைப்பம்பு, வடி எல்லாத்தையும் ஊதிக் காயவையுங்க. பிளைவீலுக்குக் கீழ மண் இருந்தால் காந்தத்தையும் கொயிலையும் அரைக்கும், அதைப் புல்லர் போட்டுத்தான் தூக்க வேணும். சுத்தியலால தட்டினால் காந்தம் விட்டுப்போகும். வயர் மூட்டு ஒவ்வொண்டையும் பிரிச்சுக் கழுவி, ஸ்பிரிட் போட்டு, நிழலில காயவச்சு, கிறீஸ் தொட்டுப் பூட்டுங்க.

கீழ கியர் பெட்டி: அடி ஸ்குரூவைக் கழட்டி மறுகா மேல் ஸ்குரூ. முதலில தண்ணி வந்தாலோ, ஒயில் பால்போல வந்தாலோ சீல் போயிட்டு. புது ஒயிலை அடி ஓட்டையால ஏத்துங்க, மேல் ஓட்டையால வழியும் மட்டும். மேல் ஸ்குரூவைப் பூட்டின மறுகாதான் அடிக்குழாயை எடுக்கலாம், இல்லாட்டிக் காத்து நிண்டு ஒயில் குறையும். ரெண்டு ஸ்குரூவுக்கும் வாஷர் புதுசு.

முதல் ஓட்டம் தனிப் பெற்றோலில, மண்ணெண்ணெய் வேண்டாம். ஒயில் ரெண்டு மடங்கு, அதாவது 1 லீட்டருக்கு 20 மி.லீ. போடுற மிசின் எண்டால் 40 மி.லீ. பிளக் புதுசு. பீப்பாய்த் தண்ணியில, நியூட்ரலில, மெதுவா அரை மணித்தியாலம். பக்கத்தால வாற தண்ணித்தாரை ஒரு நிமிசத்தில வராட்டி உடன நிப்பாட்டுங்க. மண் தின்ற இம்பெல்லர் (தண்ணி இறைக்கிற றப்பர்ச் சக்கரம்) எண்டால் மாத்தத்தான் வேணும், அது பெரிய செலவில்ல.

பழைய எண்ணெயைப் பற்றி ஆரும் கேக்கிறதில்ல. கலனுக்குள்ள தண்ணி போயிருந்தால் ஒரு நாள் அசையாமல் வைச்சு மேல்பக்கத்தை மட்டும் வடிச்சு எடுக்கலாம். ஆனா ஒயில் கலந்த பெற்றோல் பால்போல ஆகியிருந்தால் அது தெளியாது, விடுங்க.


சங்கச் செயலாளர்:

வேலை தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கிப் பதிவுகளை முடித்துவிடுங்கள். உடைவை அரைத்த பிறகு எடுத்த படத்தை எவரும் ஏற்கமாட்டார்கள்.

படகு கிடக்கும் இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். பதிவு இலக்கம் தெளிவாகத் தெரிய ஒரு படம். உடைவின் மேல் அளவு நாடாவை வைத்து ஒரு படம். மிசினின் தொடர் இலக்கத் தகடு, போட்டில் மாட்டும் பிடியில் இருக்கும், அதைத் துடைத்து எடுத்த படம். காணாமற்போன வலைகளுக்குத் துண்டு எண்ணிக்கை, கண் அளவு, எந்த ஆண்டு வாங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். "வலைகள் சேதம்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் அது ஒற்றை வரியாகவே மதிக்கப்படும்.

பிறகு பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, கடற்றொழில் பரிசோதகரிடம் ஒன்று. மூன்றிலும் இலக்கங்களும் திகதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இதில் தவறும்போதுதான். பிரதிகளைச் சங்கத்திலும் வையுங்கள். காப்புறுதி இருந்தால் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை வெட்டவோ அரைக்கவோ கூடாது. அதற்காகப் படகைத் தண்ணீரில் விட்டுவைக்கத் தேவையில்லை. மேலும் சேதமாகாமல் தூக்கிப் பாதுகாப்பது உரிமையாளரின் கடமை. மிசினைக் கழுவுவதற்கும் காத்திருக்க வேண்டாம், படம் எடுத்தால் போதும்.

வேறு ஊர்ப் படகு உங்கள் கரையில் ஒதுங்கியிருந்தால் கட்டி வைத்துவிட்டு இலக்கத்தைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அதிலிருந்து ஓர் ஆணியும் கழற்ற வேண்டாம்.


பாலமீன்மடு:

போட் கிளப்புறதைப் பற்றி. முதல் விசயம், நம்மட கடலில வத்துப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது. பெருக்கு வரட்டும், தானா மிதக்கும் எண்டு காத்திருக்கிறது வெளிநாட்டுக் கதை. ஆனா வாவி வேற. வெள்ளத் தண்ணி நிறைஞ்சு நிக்கயிக்க வாவி மட்டம் உசரம், முகத்துவாரம் வெட்டுப்பட்டால் மளமள எண்டு இறங்கும். தம்பிட போட் வாவிப் பக்கத்துத் தாழம்பத்தையில எண்டால் மட்டம் இறங்க முதல் இழுத்திடுங்க. இறங்கினால் உங்கட 40 அடி 100 அடியாகும். தாண்ட போட்டுக்கு இது நேர்மாறு. நெஞ்சளவு இடுப்பளவாகட்டும், வேலை பாதியாக் குறையும்.

பத்தையில கிடக்கிறது: அணியத்தில (முன்முனையில) இருக்கிற வளையத்தில கயிறு கட்டி லாண்ட்மாஸ்டரால (ரெண்டு சில்லு உழவு மிசினால) இழுத்தால் வளையம் கையோட வரும், துண்டு பைபரும் சேர்ந்து வரும். கயிறு போட்டின்ட உடம்பைச் சுத்தி, அமரத்துக்குப் பின்னால சுத்தி, ரெண்டு பக்கத்தாலயும் முன்னுக்கு வர வேணும். விளிம்பில உரசிற இடத்துக்குச் சாக்கு. ஏரா, அதாவது அடி நடுத்தண்டுக்குக் கீழ மண்ணைத் தோண்டி வாழைத்தண்டு குறுக்கப் போடுங்க, ரெண்டடிக்கு ஒண்டு. தென்னங்குத்தி உருளும், ஆனா வெறும் பைபரில அழுத்தினால் ஒரு கோட்டில வெடிக்கும். வாழைத்தண்டு நசிஞ்சு வழுக்கும், அது போதும். பத்துப் பேர், பன்னிரண்டு தண்டு, மிசின் இல்லாத போட். ஜேசிபி வாளியால தூக்க விட வேண்டாம், பட்டி ரெண்டு போட்டுத் தூக்கிறதெண்டால் மட்டும் சரி. பத்தைக்குள்ள கை வைக்க முதல் தடியால தட்டுங்க. வெள்ளத்துக்குப் பாம்பு எல்லாம் மேட்டிலதான் இருக்கும்.

தாண்டது: முதலில மண். ஒரு கன மீற்றர் ஈர மண் கிட்டத்தட்ட ரெண்டு தொன். தண்ணிக்குள்ள அது ஒரு தொன்னாத் தெரியும், தண்ணியை விட்டுக் கிளம்பினதும் முழுப் பாரமும் அடிப்பலகையிலதான். மண்ணோட தூக்கின போட்தான் நடுவால முறியிறது. இரும்பு மம்பட்டி வேண்டாம், பிளாஸ்ரிக் வாளி, தட்டு. மண் போனால் வெறும் போட் பாரமே இல்ல. 350 கிலோ பைபர் தண்ணிக்குள்ள ஏறக்குறைய 120 கிலோதான் நிறுக்கும்.

உடைவை அடைக்க: வெளிப்பக்கம் ரயர் டியூப் துண்டு, அதுக்கு மேல 6 மி.மீ. பிளைவூட், உள்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம், உடைவுக்குள்ளாலயே ரெண்டு போல்ட் விட்டு இறுக்குங்க. புதுசா ஓட்டை போட வேண்டாம். பிறகு 30 லீட்டர் மண்ணெண்ணெய்க் கலன் பத்து, வெறுமையா, மூடி இறுக்கி, போட்டுக்குள்ள குறுக்குப் பலகைகளுக்குக் கீழ காலால அமத்திக் கட்டுங்க, பக்கத்துக்கு அஞ்சு. கலனுக்கு 30 கிலோ தூக்கல் எண்டு பாத்தால் 300 கிலோ. போட் விளிம்பு தண்ணிக்கு மேல வந்ததும் வயல்காரரிட்ட 2 அங்குலப் பம்பு வாங்கி இறையுங்க. குழாய் வாயை ஒரு கூடைக்குள்ள வையுங்க, இல்லாட்டி சல்வினியா நீர்ச்செடியும் பொலித்தீனும் அடைச்சிடும். பாதித் தண்ணி உள்ள நிக்கயிக்கத்தான் போட் புரளும், ஒருத்தரும் ஏற வேண்டாம். நாலு மூலைக்கும் கயிறு போட்டு ஆள் பிடிக்க வேணும்.

வாவிக்குள்ள இறங்கிற ஆக்கள் காலில புண் இருந்தால் இறங்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேட்டால் தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்லுவார். முதலை இருக்கிற வாவி எண்டதையும் மறந்திடாதீங்க, வெள்ளம் கலங்கினால் அதுக்கும் இடம் மாறும்.


நாவலடிக்கரை:

நன்றி அண்ணன். மிசின் பீப்பாய்க்குள்ள போயிட்டு. படங்கள் எடுத்தாச்சு. பைபர் வேலைக்கு இனி ஆரும் சொல்லுங்க. கடைக்காரன் ரெசினும் (பைபர்ப் பசை) மெட்டும் (கண்ணாடி நார்ப் பாய்) தாறன், நாளைக்கே ஒட்டுங்க எண்டு சொல்றான். அசிற்றோனால துடைச்சால் ஈரம் போயிடும் எண்டும் சொல்றான்.


கல்முனை பைபர்:

தம்பி, கடைக்காரன் ரெசின் விக்கிறவன். ஒட்டினது கழண்டால் திரும்பவும் அவனிட்டத்தான் வருவீங்க, அவனுக்கு நட்டமில்ல.

இந்தக் கரைக்குப் புயல் வாற மாசங்களைப் பாருங்க. 1978 நவம்பர் 23, 2000 டிசம்பர் 26, 2025 நவம்பர் கடைசியில டிட்வா. எல்லாம் மாரிக்குள்ளதான். அதால போட் உடையிற காலமும் பைபர் காயாத காலமும் ஒண்டு. புயலுக்குப் பிறகு அவசரமா ஒட்டின ஒட்டு அடுத்த வருசம் உரிஞ்சு வாறதுக்கு ரெசின் காரணமில்ல, ஈரமும் உப்பும்தான். அசிற்றோன் எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும். ஈரக் காத்தில அது ஆவியாகிறபோது இடம் குளிர்ந்து, மேல பனி பிடிச்சமாதிரி இன்னும் ஈரம் படியும்.

போட்டைக் கவிழ்த்து நல்ல தண்ணியால மூண்டு நாள், நாளுக்கு ஒருக்கா, உள்ளும் புறமும் கழுவுங்க. உப்பு பைபர் நாருக்குள்ள நிண்டால் அது காத்தில இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வெயில் பட்டாலும் காயாது. கழுவின மறுகா உடைவைச் சுத்தி ஒரு காசால தட்டிக்கொண்டு போங்க. டிங் டிங் எண்டால் நல்லது, டொக் எண்டு செத்த சத்தம் வந்தால் உள்ளுக்குப் படை பிரிஞ்சிருக்கு. பென்சிலால எல்லை கீறுங்க. ஒரு அடி உடைவு எண்டு நீங்க சொல்றது அநேகமா ரெண்டடியா முடியும். அவ்வளவையும் அரைச்சு எடுக்கத்தான் வேணும். சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்பு வேற, அது ஜெல்கோட்டில (மேல் வழவழப்புப் பூச்சில) மட்டும் இருக்கலாம். ஒரு மில்லிமீற்றர் சுரண்டிப் பாருங்க, கீழ நார் வெள்ளையாத் தெரிஞ்சால் அதுவும் உடைவுதான்.

பிறகு சரிவு. உடம்பின்ட தடிப்பு 6 மி.மீ. எண்டால் அதின்ட பன்னிரண்டு மடங்கு, 72 மி.மீ., ஓட்டையைச் சுத்தி எல்லாப் பக்கமும் உள்ளால சரிச்சு அரைக்க வேணும். நம்மட ஆக்கள் ரெண்டு விரல் அகலம் அரைச்சுப்போட்டு மேல நாலு மெட் அப்புவாங்க. அலையில அடிவளைவு ஒவ்வொரு தரமும் வளையும், தடிச்ச ஒட்டு வளையாது, ஒட்டின விளிம்பாலயே கழண்டு வரும். அரைக்கிறபோது வாயும் மூக்கும் மூடுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க.

காய்ஞ்சதா எண்டு பாக்க: ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடிப் பொலித்தீனை அரைச்ச இடத்தில வைச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்க. காலையில உள்பக்கம் துளி நிண்டால் இன்னும் ஈரம். துளி இல்லாமல் ரெண்டு இரவு போகட்டும். மேல தரப்பாள், ரெண்டு பக்கமும் திறந்து, உள்ள ரெண்டு ஹலோஜின் விளக்கு, ஒரு மேசைக்காத்தாடி. கரி அடுப்பு வைக்க வேண்டாம், ரெசின் வாடையே தீப்பிடிக்கும். காத்தில ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல நிக்கிற நாளில ரெசின் கலக்கவே வேண்டாம். மழை விட்ட நாளில காலை பத்துக்கும் மூண்டுக்கும் இடையிலதான் நேரம்.

அளவு: 450 கிராம் மெட் ஒரு படை ஏறக்குறைய ஒரு மி.மீ. வரும். 600 கிராம் வோவன் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்) முக்கால் மி.மீ. உங்கட ஓட்டைக்கு மெட், மெட், ரோவிங், மெட், ரோவிங், மெட். ரோவிங்குக்கு மேல ரோவிங் நேரா வைக்க வேண்டாம், இடையில மெட் இல்லாட்டி உரியும். வெளிப்பக்கம் மெழுகு பூசின தகரமோ போமிக்காவோ இறுக்கிப் பிடிச்சு உள்ளால படை போடுங்க. முதல் படை சரிவு முழுக்க மூடிற பெரிசு, பிறகு பிறகு சின்னன். நாலு படைக்கு மேல ஒரே மூச்சில வேண்டாம், சூடேறிப் புகையும். ரெசின் மெட்டுக்கு அதின்ட பாரத்தில ரெண்டேகால் மடங்கு, ரோவிங்குக்கு சம பாரம். ஒரு அடிச் சதுரம் ஓட்டையும் சரிவும் சேர்த்து ஒண்டேகால் கிலோவில இருந்து ஒண்டரைக் கிலோ ரெசின் போதும். படை பிரிஞ்சது ரெண்டடியாப் போனால் மூண்டு கிலோ வாங்குங்க. உருளை போட்டுக் காத்துக் குமிழியை வெளிய தள்ளுங்க. வெள்ளைப் புள்ளி தெரிஞ்சால் ரெசின் காணாது.

ஹாடனர் (ரெசினை இறுக வைக்கிற திரவம்): கிலோவுக்கு 10 மி.லீ.இல இருந்து 20 மி.லீ., அவ்வளவுதான். நம்மட வெக்கைக்கு 10 தொடக்கம் 12 போதும். குளிர்ந்த மழைநாளில கெதியாப் பிடிக்கட்டும் எண்டு 40 ஊத்தினால் மேல் காயும், உள்ள வெடிக்கும். 10க்குக் கீழ போட்டால் பிசுபிசுப்பாகவே நிக்கும், ஒருக்காலும் இறுகாது. அரைக் கிலோக் கணக்கில கலவுங்க, வாளியில இருபது நிமிசம்தான் நிக்கும். ரெசினுக்கு முடுக்கி ஏற்கெனவே சேர்த்திருக்கா எண்டு கேட்டு வாங்குங்க. தனியாத் தந்தால் அது ஊதாநிறக் கோபோல்ட். அதை முதல் ரெசினோட கலந்து முடிச்ச மறுகாதான் ஹாடனர். ரெண்டையும் நேராச் சேர்த்தால் வெடிக்கும், ஒரே கிண்ணத்தால கூட அளக்க வேண்டாம். கண்ணில ஹாடனர் பட்டால் பதினைஞ்சு நிமிசம் தண்ணி, மறுகா ஆஸ்பத்திரி.

கடைசிப் பூச்சுக்கு மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசின், இல்லாட்டி மேல் பிசுக்கு நிண்டு மண் ஒட்டும். தண்ணியில இறக்க ஏழு நாள் விடுங்க.


மருதமுனை:

கல்முனைக் காக்கா சொன்னதோட ஒண்டு. பின்பலகையையும் மிதப்பு அறையையும் ஒருத்தரும் பாக்கிறதில்ல.

மிசின் மாட்டுற பின்பலகைக்குள்ள பிளைவூட் இருக்கு. மூண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்தால் மிசின் போல்ட் ஓட்டையால தண்ணி ஏறும். உள்பக்கம், அடிக்குக் கிட்ட, 6 மி.மீ. ஓட்டை ரெண்டு துளைச்சுப் பாருங்க. வெள்ளையா மரத்தூள் வந்தால் நல்லது. கபில நிறத்தில ஈரத்தூள் வந்தால், தேயிலைச்சாயம் மாதிரித் தண்ணி வடிஞ்சால், பலகை ஊறிட்டு. கொஞ்ச ஈரம் எண்டால் ஓட்டையைத் திறந்துவிட்டு மாசக்கணக்கில காயலாம், உக்கினது எண்டால் உள்தோலை வெட்டி 18 மி.மீ. மரைன் பிளைவூட் ரெண்டு ஒட்டித்தான் போடவேணும். ஊறின பலகையில 25 குதிரை மாட்டினால் கரையில ஒண்டும் தெரியாது, அலைக்குள்ள மிசின் பின்னால சாயும்.

மிதப்பு அறையும் அப்படித்தான். கிளப்பின போட் முன்னை விடப் பாரமா இருந்தால் போம் தண்ணி குடிச்சிருக்கு. ஆகக் கீழ ஒரு ஓட்டை போட்டு வடியவிடுங்க. போம் மாத்திறதெண்டால் ரெஜிபோம் (வெள்ளைப் பொலிஸ்ரைரீன் போம்) துண்டை வைச்சு மேல ரெசின் ஊத்த வேண்டாம், ரெசின் பட்டதும் அது சீனிப்பாகு மாதிரிக் கரைஞ்சு உள்ளுக்கு வெறும் குழிதான் மிஞ்சும். பொலியூரித்தேன் போம் கரையாது.


நாவலடிக்கரை:

பின்பலகை துளைச்சன், வெள்ளைத் தூள்தான் வந்தது. பொலித்தீன் ஒட்டினதில நாலாம் நாளும் துளி நிக்குது, கல்முனைக் காக்கா சொன்னபடி காத்திருக்கன். ஒரு சொந்தக்காரரிட பலநாள் போட் வாழைச்சேனையில கிடக்கு, டீசல் மிசினுக்குள்ள தண்ணி. அதுக்கும் இதே முறையா?


வாழைச்சேனை மிசின்காரன்:

டீசல் வேற. ஸ்டாட்டரைத் தொட வேண்டாம், பற்றறி வயரைக் கழட்டுங்க. உப்புத் தண்ணி போன பற்றறியில குளோரின் வாயு வரும், அதால வயரைத் தொட முதல், மூடின அறைக்குள்ள தலையை விடாமல் கதவு, மூடி எல்லாம் திறந்து காத்தோட்டம் விடுங்க. இன்ஜெக்டர் எல்லாத்தையும் கழட்டின மறுகாதான் மிசினைச் சுத்தலாம், அதுவும் கையால. சம்பில (ஒயில் நிக்கிற அடிப்பெட்டியில) தண்ணி அடியில நிக்கும், ஒயில் மேல. வடிகால் ஸ்குரூவை மெதுவா இளக்கித் தண்ணியை மட்டும் முதல் விடுங்க, ஒயில் வந்ததும் அதையும் வடிச்சிடுங்க. மலிவான ஒயிலை அளவுக்கு நிரப்பி, கையால இருபது முப்பது சுத்து, வடிக்க. பால் நிறம் போகும் மட்டும் இப்படி ரெண்டு மூண்டு தரம். வடிகட்டி ஒவ்வொரு தரமும் புதுசு. கியர் பெட்டிக்கும் இதுவேதான். டீசல் தாங்கியை முழுசா வடிச்சு, குழாயில காத்து எடுத்து, ஓடத் தொடங்கிப் பத்து நிமிசத்தில நிப்பாட்டித் திரும்பவும் ஒயில் மாத்துங்க. ஓல்டர்னேட்டரையும் ஸ்டாட்டரையும் வைண்டிங் செய்யிற ஆளிட்டக் கொடுங்க. ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் நல்ல தண்ணியில கழுவிக் காயவைச்சு ஆளிட்டக் காட்டும் மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டாம். காய்ஞ்சமாதிரித் தெரிஞ்சாலும் வேண்டாம்.


பாலமீன்மடு:

தம்பி, இறக்கிற நாளைக்கு ஒரு சொல். புயலுக்கு முதல் இருந்த முகத்துவார வாய் இப்ப அதே இடத்தில இருக்கும் எண்டு நம்ப வேண்டாம். வெள்ளம் வெட்டின வழி வேற, வாடைக் கடல் திரும்ப மண் கொண்டு வந்து போடுற இடம் வேற. ஒலுவில் துறைமுக வாயில மண் மூடுறது இந்தக் கரை முழுக்கத் தெரிஞ்ச விசயம். முதல் மூண்டு நாலு ஓட்டம் பகலில, ஒரு ஆள் அணியத்தில நிண்டு கோல் விட்டு ஆழம் பாக்க வேணும். ஆத்து வழியா வந்த மரக்குத்தி பாதி தாண்டு நிக்கும், மேல தெரியாது. அறுந்துபோன வலை விசிறியில சுத்தினால் அதை இழுத்து அறுக்காமல் மிசினை நிப்பாட்டித் தூக்கி வெட்டுங்க. தங்கூசி ஒரு துண்டு விசிறிக்குப் பின்னால சீலுக்குள்ள போனால், புதுசா ஏத்தின கியர் ஒயில் ஒரு கிழமையில திரும்பவும் பாலாகும். முதல் ஓட்டம் முடிஞ்ச அண்டைக்கே விசிறியைக் கழட்டித் தண்டைப் பாருங்க.